வார்த்தையில்லாத பாட்டைச் சேர்ந்து கற்பது: நிகுன் பற்றி ஒரு இழை

கேள்வி: 8 செப்டம்பர் 2022

ஹசிதிய யூதர்கள் பாடும் நிகுன் சிலவற்றைக் கேட்டேன். ஒரு சொல்கூட இல்லை. 'யா-ப-பம்', 'ஆய்-யாய்-யாய்' என்று போகிறது. இதைக் கற்றுக்கொள்ளக் கூட்டம் எதற்கு? மனப்பாடம் செய்ய சாகித்யமும் கிடையாது. நோட்டேஷன் கிடைத்தால் அரை மணியில் வீட்டிலேயே பாடிவிடலாம் என்பது என் கட்சி. கூட உட்கார்ந்து பாடுகிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

8 செப்டம்பர், இரவு

நான் பாடுகிறேன். நியூஜெர்சியில் எடிசன் வாசி. பக்கத்து ஊரான ஹைலண்ட் பார்க்கில் யூதக் குடும்பங்கள் நிறைய. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அங்கே ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாரநாள் மாலை, சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு. அதற்கப்புறம் போவது வழக்கமாகிவிட்டது.

அரை மணியில் மெட்டு வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. பெரும்பாலான நிகுன்களுக்கு இரண்டு மூன்று பாகம்தான். ஒவ்வொரு பாகமும் நாலு வரி நீளம் இருக்கும். முதல் பாகம் கீழே சுற்றும், இரண்டாவது கொஞ்சம் எழும்பும், மூன்றாவது உச்சத்துக்குப் போகும், அப்புறம் இரண்டாவதுக்கே திரும்பி வந்து அமரும். நிறைய மெட்டுகளின் அமைப்பு இதுதான். ஆனால் மெட்டு தெரிந்த பிறகுதான் நிகுன் தொடங்குகிறது. பத்து, பதினைந்து, இருபது நிமிடம் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார்கள். தனியாக வீட்டில் அப்படிப் பாட முடிகிறதா என்று முயன்று பாருங்கள். ஐந்தாவது சுற்றில் கை தானாக ஃபோனைத் தேடும்.

கற்றுக்கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 'நான் பாடுகிறேன், திருப்பிச் சொல்லுங்கள்' என்பது கிடையாது. பெயர் சொல்வதில்லை, எந்த ஊர் மெட்டு என்று முன்னுரை இல்லை. எங்கள் குழுவில் எடுத்துக்கொடுப்பவர் ஒரு பெரியவர். மேசை விளிம்பில் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முதல் பாகத்தை ஆரம்பிப்பார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் முனகுவார்கள். எனக்கு முதலில் பிடிபட்டது வரிகளின் முடிவுதான். எல்லோரும் போய் நிற்கிற அந்த ஸ்வரத்தில் நானும் போய் நிற்பேன். அடுத்த சுற்றில் வரியின் தொடக்கம் வந்தது. நடுப்பகுதி எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தேர்வடம் மாதிரி, இடம் கிடைத்த இடத்தில் கை வைத்தால் போதும், தேர் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிறது.

9 செப்டம்பர்

மிருதங்கம் வாசிக்கும் தம்பி தாளம் கேட்டிருக்கிறார். மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனம் ஒன்றிப் பாடும் மெதுவான நிகுன்களில் தாளம் கட்டாக இருக்காது. மூச்சுதான் அளவு, வரி முடிவில் காத்திருப்பார்கள். அணிவகுப்பு நடை உள்ளவை நாலு நாலாக நேராகப் போகும். வால்ட்ஸ் மாதிரி மூன்றில் ஆடுபவையும் உண்டு, உங்கள் பாஷையில் திஸ்ரம். ஆட்டத்துக்கென்றே உள்ள வேக மெட்டுகளையும் நாலில் சேர்க்கலாம். சபாத் என்பது யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள், வெள்ளி மாலை தொடங்கி சனி இரவுவரை. அந்த நாளில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் வாத்தியத்தைத் தொடமாட்டார்கள். எனவே இந்த மரபு வளர்ந்ததே தொண்டையையும் மேசையையும் நம்பித்தான்.

11 செப்டம்பர்

வரலாறு கேட்டவர்களுக்கு. 18ஆம் நூற்றாண்டில் இன்றைய உக்ரைனின் பொடோலியாப் பகுதியில் பால் ஷெம் தோவ் என்று அழைக்கப்பட்ட இஸ்ரேல் பென் எலியேசரைச் சுற்றி உருவானது ஹசிதிய இயக்கம். அவர் 1760இல் மெஜிபிஜ் என்ற ஊரில் காலமானார். படித்த பண்டிதனுக்கு மட்டும் கடவுள் என்றிருந்த நிலையில், எழுத்து தெரியாத வண்டிக்காரனும் உள்ளன்போடு பாடினால் அது மேலே எட்டும் என்றார்கள். வார்த்தையில்லாத மெட்டு அங்கே ஏன் அவ்வளவு முக்கியமானது என்பது இதிலிருந்தே விளங்கும். பிரார்த்தனைப் புத்தகம் படிக்கத் தெரியாதவனும் முதல் நாளே முழு உறுப்பினன்.

ஹசிதியத்தின் ஹபாத் கிளையை நிறுவிய ஷ்னேயர் ஸல்மான் (1745–1812) வழியில் இன்னொரு விளக்கம் உண்டு. வார்த்தை உள்ள பாட்டு அந்த வார்த்தை முடியும் இடத்தில் முடிந்துவிடும், வார்த்தையில்லாத பாட்டுக்கு அந்த எல்லை கிடையாது. முதலில் படித்தபோது அழகான பேச்சு என்று கடந்துபோனேன். சுற்றிச் சுற்றிப் பாடிய பிறகு அது நடைமுறைத் தகவல் என்று புரிந்தது. சாகித்யம் இருந்தால் சரணம் தீரும், பாட்டு தீரும். இதில் எப்போது நிறுத்துவது என்று எதுவும் சொல்லாது. அறையில் இருப்பவர்கள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.

இவை அதிகம் பாடப்படும் வேளை சனிக்கிழமை மாலை, சபாத்தின் மூன்றாவது சாப்பாடு. ஒரு முறை விருந்தாளியாக உட்கார்ந்தேன். ரொட்டி, மீன், கொஞ்சம் சாலட், அவ்வளவுதான். பொழுது சாயச் சாய விளக்குப் போடமாட்டார்கள், சபாத் முடியும்வரை போடவும் கூடாது. மெதுவான மெட்டுகளெல்லாம் அப்போதுதான் வரும். எதிரே இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு, கூச்சப்பட்டு முனகிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து பாடினார்கள். நானும்தான். புதிதாகக் கற்பவருக்கு அந்த இருட்டு பெரிய உதவி.

13 செப்டம்பர்

அசைகளைப் பற்றி: 'எந்த இடத்தில் பம், எந்த இடத்தில் ஆய்' என்று பட்டியல் கேட்காதீர்கள். பாடிப் பழகியவர்கள் அழுத்தம் விழும் இடத்தில் 'பம்' போடுவார்கள், நீட்டும் இடத்தில் 'ஆய்' அல்லது 'ஓய்' வரும், ஓடும் இடத்தில் 'யா-ப-ப' என்று உதிரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாடை உண்டு. பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு பாடினால் நாலு சுற்றில் நாக்கு பழகிவிடும். உதடு மூடி 'ம்ம்' என்று பாடினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

18 செப்டம்பர்

ராகம் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சிறுவயதில் பாட்டு கிளாஸ் போனவள் என்பதால் எனக்கும் அந்த அரிப்பு இருந்தது.

கணிசமானவை நடபைரவி ஸ்வரங்களில் இருக்கும், மேற்கத்தியர் மைனர் என்பது. கேட்டவுடன் 'இது யூத இசை' என்று காது சொல்கிற அந்த இன்னொரு அமைப்பை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் வழக்கில் ஃப்ரைகிஷ் என்கிறார்கள். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். வரிசையைப் பார்த்தால் நம் வகுளாபரணம். உக்ரைன், ருமேனியாப் பக்கத்து மெட்டுகளில் பிரதி மத்யமத்தோடு வருவது இன்னொன்று, அதன் ஸ்வரங்கள் ஹேமவதி. ஸ்வரம் ஒன்றுதான், பாடும் முறை வேறு. நம் கமகத்தை அதில் ஏற்றினால் ஒட்டாது. அவர்கள் அசைவு வேறு மாதிரி. ஸ்வரத்தைப் பிடிக்கும் முன் கீழிருந்து சின்னதாக ஒரு இழுப்பு, விடும்போது விம்மல் மாதிரி ஒரு உடைவு.

ராகம் தெரிந்தால் கற்பது சுலபமா? மெட்டு சீக்கிரம் வரும். ஆனால் மனசுக்குள் ஸரிகம ஓடிக்கொண்டே இருப்பதால் பக்கத்தில் பாடுகிறவரைக் கேட்பது குறைகிறது. எங்கள் குழுவில் சங்கீதமே தெரியாத ஒருவர் என்னைவிட முன்னதாக மெட்டுக்குள் போய்விடுகிறார். அவர் அடுத்தவர் தொண்டையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறார்.

19 செப்டம்பர்

சுருதிப் பெட்டி கிடையாதா என்ற கேள்விக்கு: கிடையாது. எடுத்துக்கொடுப்பவர் வேண்டுமென்றே தாழ்வாகத் தொடங்குவார், மூன்றாம் பாகம் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். போகப்போக எல்லோருமாகச் சேர்ந்து சுருதியை மேலே தள்ளிவிடுகிறோம். அதை யாரும் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. தாங்க முடியாத உயரம் வந்தால் பாதிப் பேர் ஒரு ஸ்தாயி இறங்கிக்கொள்வார்கள்.

6 அக்டோபர்

நேற்று மாலை யோம் கிப்பூர் முடிந்தது. ஒரு நாள் முழுக்கச் சோறு தண்ணீர் இல்லாத நோன்பு. அதன் கடைசித் தொழுகையின் முடிவில், கொம்பு ஊதுவதற்குச் சற்று முன், ஹபாத் தொழுகைக்கூடங்களில் ஒரு அணிவகுப்பு மெட்டைப் பாடுவார்கள். பெயர் நெப்போலியனின் அணிவகுப்பு. 1812இல் நெப்போலியன் படை ரஷ்யாவுக்குள் வந்தபோது ஷ்னேயர் ஸல்மான் அவனுக்கு எதிர்ப்பக்கம். தன் ஊரான லியாடியிலிருந்து குடும்பத்தோடு தப்பி ஓடி, அந்தக் குளிர்காலத்திலேயே பேனா என்ற கிராமத்தில் இறந்தார். பிரெஞ்சுப் படை வாசித்துக்கொண்டு வந்த அந்த மெட்டை அவர் கேட்டு, இது வெற்றியின் மெட்டு என்று எடுத்துக்கொண்டதாக அவர்கள் மரபு சொல்கிறது.

25 மணி நேரம் பட்டினி கிடந்தவர்கள் வறண்ட தொண்டையோடு அதைப் பாடுவதை நினைத்துப் பாருங்கள். துரத்திய படையின் மெட்டை இவர்கள் இருநூறு வருடத்துக்கும் மேலாகத் தங்கள் ஆண்டின் மிகப் புனிதமான நாளில் வைத்திருக்கிறார்கள்.

9 அக்டோபர்

'வேற்று மதத்தவர் பாடலாமா, அவர்களுடையதை நாம் எடுத்துக்கொள்வது ஆகாதே?' என்ற கேள்வி நியாயமானது. நானும் முதல் மாலையே தோழியிடம் கேட்டேன். உட்கார், பாடு என்றாள்.

இந்த மெட்டுகளில் பல வெளியிலிருந்து வந்தவைதான். மேய்ப்பர் பாட்டு, சிப்பாய்ப் பாட்டு, சாராயக்கடைப் பாட்டு எல்லாம் உள்ளே வந்திருக்கின்றன. கீழே விழுந்து கிடக்கும் புனிதப் பொறி ஒவ்வொன்றிலும் உண்டு, அதை மீட்டு உரிய இடத்தில் சேர்ப்பது நம் வேலை என்பது அவர்கள் நம்பிக்கை. ஹசிதியக் குழுவின் தலைவரை ரெப்பே என்பார்கள். ஹங்கேரியின் நாஜ்கால்லோ ஊர் ரெப்பே யிட்ஸாக் ஐசக் டௌப் (1751–1821) பற்றி ஒரு கதை உண்டு. வயலில் ஒரு மேய்ப்பன் பாடிக்கொண்டிருந்தான். இவர் காசு கொடுத்து அந்தப் பாட்டை வாங்கினார். வாங்கிய கணத்தில் இவருக்குப் பாட்டு முழுதும் வந்துவிட்டது, மேய்ப்பனுக்கு மறந்தே போய்விட்டது. அது வார்த்தை உள்ள பாட்டு, ஹங்கேரிய மொழியிலேயே இன்றும் பாடுகிறார்கள்.

கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மேய்ப்பனை நினைத்தால் சங்கடமாகவும் இருக்கிறது. அதனால் எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்து பாடுவேன். மேடையில் 'யூத இசை' என்று போர்டு வைத்து நான் பாடமாட்டேன்.

10 அக்டோபர்

பெண்கள் சேர்ந்து பாடலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். இடத்தைப் பொறுத்தது. கட்டுப்பாடான ஹசிதியச் சமூகங்களில் பிற பெண்ணின் பாட்டை ஆண் கேட்பதில்லை. ரெப்பேயின் மேசையைச் சுற்றி ஆண்கள் பாடுவார்கள், பெண்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பார்கள். பெண்கள் தங்களுக்குள் தனியாகக் கூடிப் பாடுவதும் உண்டு. எங்கள் குழு அப்படியில்லை, ஆணும் பெண்ணும் கலந்து உட்காரும் வகை. நான் இதைக் கற்க முடிந்ததே அதனால்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முறை நின்றிருக்கிறேன். தெரிந்த மெட்டு, தொண்டைவரை வந்து நின்றது. அது எனக்கு வலித்தது. அங்கே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு என்ன தோன்றும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

23 அக்டோபர்

நோட்டேஷன் விஷயத்தில் நான் முதல் நாள் எழுதியதை அப்படியே விட்டுவிட மனமில்லை.

மொய்சேய் பெரெகோவ்ஸ்கி (1892–1961) என்று ஒரு ஆய்வாளர். கீவ் நகரில் இருந்துகொண்டு, சோவியத் காலத்தில் உக்ரைனின் ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் யூத இசையைப் பதிவு செய்தார். யூத நாட்டார் வழக்குகளைத் திரட்ட 1912இல் தொடங்கிய அன்ஸ்கி குழுவினரின் பயணத்தில் சேர்ந்த உருளைகளையும் பாதுகாத்தார். 1950இல் கைது செய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பினார்கள். 1955இல்தான் வெளியே வந்தார். அவர் குறித்துவைத்த வார்த்தையில்லா மெட்டுகளின் தொகுதி அச்சானது 1999இல், அவர் இறந்து 38 வருடம் கழித்து. உருளைகள் இன்றும் கீவ் வெர்னாட்ஸ்கி தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அந்தப் பாட்டுகள் பாடப்பட்ட ஊர்களில் பல 1941–44க்குள் நாஜிகளால் ஆளே இல்லாமல் அழிக்கப்பட்டவை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும் என்ற தொனியில் நான் எழுதியிருந்தேன். மேசையோடு ஆட்களையும் கொன்றுவிட்டால் யாரிடம் கேட்பது? ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்ததால்தான் சில மெட்டுகள் மிஞ்சின.

எழுத்தும் காதும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு பென் சியோன் ஷென்கர் (1925–2016) நல்ல உதாரணம். போலந்தின் மோஜிட்ஸ் ஹசிதிய வம்சம் இசைக்கென்றே பெயர் போனது. அதன் இரண்டாவது ரெப்பே ஷாவுல் டௌப் நூற்றுக்கணக்கில் மெட்டமைத்தவர், ஆனால் நோட்டேஷன் படிக்கத் தெரியாதவர். 1940இல் போரிலிருந்து தப்பி அமெரிக்கா வந்தார். புரூக்ளினில் ஷென்கர் என்ற பதின்வயதுப் பையன், அங்கிருந்த மோஜிட்ஸ் மெட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தன்பாட்டில் முனகினான். காகிதத்தைப் பார்த்து என் மெட்டைப் பாடுகிறானே என்று ரெப்பே வியந்துபோனார். பிறகு பையன்தான் அவருக்கு இசைச் செயலாளர். சபாத்தில் எழுதுவதற்குத் தடை. எனவே புதிய மெட்டை மேசையிலேயே மனதில் ஏற்றி, சபாத் முடிந்ததும் எழுதிவைக்க வேண்டும். முதலில் காது, பிறகு காகிதம்.

எனவே என் கருத்தைத் திருத்திச் சொல்கிறேன்: காகிதம் மெட்டைக் காப்பாற்றும், அதற்கு நன்றியோடு இருக்க வேண்டும். ஆனால் காகிதத்திலிருந்து எடுத்த மெட்டையும் யாராவது நாலு பேர் நடுவில் சுற்றவிட்டால்தான் அது மறுபடி நிகுன்.

24 அக்டோபர்

கொச்சி யூதர்களிடம் இது இருந்ததா என்று கேட்டவருக்கு: நிகுன் கிழக்கு ஐரோப்பிய வழக்கம். கொச்சியில் இருந்த செல்வம் வேறு. யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய கல்யாணப் பாட்டுகள், வேதாகமக் கதைப் பாட்டுகள். அவற்றை நோட்டுப்புத்தகங்களில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். வார்த்தை நிறைந்த மரபு அது. தனி இழையே போடலாம், யாராவது தொடங்குங்கள்.

6 நவம்பர்

போன வாரம் ஒரு மாலை கூடிவரவே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வழக்கமான வீடு கிடைக்காமல் ஒரு ஹாலில் கூடினோம். நாற்காலிகள் வரிசையாக முன்பக்கம் பார்த்துப் போட்டிருந்தன, வந்தவர்கள் அங்கங்கே இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பாட்டு தெரிந்தவர்கள் எப்போதையும்விட அதிகம். நல்ல குரல் உள்ள ஒருவர் மூன்றாம் பாகத்தில் பிரமாதமாகச் சங்கதி போட்டார். எல்லோரும் பாடுவதை நிறுத்திவிட்டு அவரைக் கேட்டோம். முடிந்ததும் கைதட்டல். அவ்வளவுதான், அடுத்த சுற்று எழும்பவே இல்லை.

புரூக்ளினில் தொழுகைக்கூடப் பாட்டை நடத்தி, பிறகு ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்த ஜோயி வைசன்பெர்க் முதலில் சொல்வதே நெருங்கி உட்காருங்கள் என்பதுதான். முன்பு அதை ஒரு சிறு குறிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அதுதான் பாதி வித்தை என்று படுகிறது. முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தால் உரக்கப் பாட வேண்டியதில்லை. உரக்கப் பாடாதபோது அடுத்தவர் மூச்சு எடுப்பது கேட்கிறது. எங்கே மெதுவாகப் போகிறார்கள், எங்கே ஏறப் போகிறார்கள் என்று அந்த மூச்சிலேயே தெரிந்துவிடும்.

நல்ல குரல் குற்றமில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான். எங்கள் பெரியவருக்கு அருமையான குரல். ஆனால் மற்றவர்கள் பிடித்துக்கொண்டதும் தன் குரலைக் குறைத்துவிடுவார். ஒருவர் தடுமாறினால் மட்டும் அவர் பக்கம் திரும்பி அந்த வரியைக் கொஞ்சம் அழுத்திப் பாடுவார்.

14 டிசம்பர்

நேற்று யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 19. 1798இல் ஷ்னேயர் ஸல்மான் பீட்டர்ஸ்பர்க் சிறையிலிருந்து விடுதலையான நாள், ஹபாத் மக்களுக்குப் பெருநாள். அவருடைய நான்கு பாக நிகுனை இந்த மாதிரி நாளிலும் கல்யாண மேடையிலும் பாடுவார்கள். நினைத்த நேரத்தில் எடுக்கும் மெட்டு இல்லை. நான்கு பாகம் நான்கு உலகங்கள் என்பது அவர்கள் கணக்கு. செயலின் உலகத்தில் தொடங்கி இறைவனுக்கு மிக அருகில் உள்ள உலகம்வரை படிப்படியாக ஏறுவது.

தத்துவம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. காதுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் பாகத்தில் யாருக்கும் அவசரமில்லை. ஒரு பாகம் உண்மையாகவே ஊறிய பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடும் கூட்டத்தில், யாரும் சைகை காட்டாமலே எல்லோரும் ஒரே நேரத்தில் அடுத்த பாகத்துக்குப் போனார்கள். 'எப்போது நிறுத்துவது என்று எதுவும் சொல்லாது' என்று செப்டம்பரில் எழுதியிருந்தேன். இதைத்தான் சொல்ல வந்தேன்.

15 டிசம்பர்

கோயம்புத்தூரிலிருந்து எழுதிய தம்பிக்கு: நாலு நண்பர்கள் போதும், தாராளமாகத் தொடங்குங்கள். இரண்டு பாகம் மட்டும் உள்ள மெதுவான மெட்டாக ஒன்று எடுங்கள். ஒருவர் மட்டும் பதிவைக் கேட்டு நன்றாகப் பழகிக்கொண்டு வரட்டும், மற்ற மூவரும் அவரிடமிருந்து காதால் எடுக்கட்டும். ஒரு மாலைக்கு ஒரு மெட்டுதான். ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், பதிவும் வேண்டாம். ஏழெட்டுச் சுற்றில் ஒரு சலிப்பு வரும், நிச்சயம் வரும். அங்கே நிறுத்தாமல் குரலைக் குறைத்துத் தொடருங்கள். அதைத் தாண்டினால் நீங்களே எனக்கு எழுதுவீர்கள். சுருதி உங்களில் தொண்டை தாழ்ந்தவருக்கு ஏற்றபடி இருக்கட்டும்.

அங்கே யூதக் குடும்பம் யாரும் பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எடுக்கிற மெட்டு யாருடையது, எந்த ஊர், எந்த ரெப்பேயின் வழி வந்தது என்பதைத் தேடித் தெரிந்துகொண்டு, பாடி முடித்த பிறகு நண்பர்களுக்கும் சொல்லுங்கள். முன்னால் சொல்ல வேண்டாம், பாட்டு தள்ளிப்போகும்.